எகிப்திய நீல ஃபயான்ஸ் மட்பாண்டமா, கண்ணாடியா? அதை எவ்வாறு கண்டறிகிறார்கள்?

வினா: நீலவண்டு

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் வெளிநாட்டுப் பயணம் ஒன்றில், ஓர் அருங்காட்சியகத்தின் எகிப்தியக் கூடத்தில் அரை நாள் செலவிட்டேன். இறந்தவருக்குப் பணிசெய்யக் கல்லறையில் வைத்த, உள்ளங்கையில் அடங்கும் ஏவலர் பொம்மைகள், வண்டு வடிவத் தாயத்துகள், மோதிரங்கள், சுவரில் பதித்த சிறு ஓடுகள் என நூற்றுக்கணக்கான பொருள்கள் ஒரே வகையான பசுநீலத்தில் இருந்தன. அவற்றின் அருகே ‘ஃபயான்ஸ்’ என்று எழுதியிருந்தது. உடன் வந்த வழிகாட்டி அவையெல்லாம் மெருகிட்ட களிமண் என்றார். அடுத்த பேழையில் ஏறத்தாழ அதே நீலத்தில் இருந்த சிறு குப்பியைக் காட்டி, இது கண்ணாடி என்றார். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

என் ஐயங்கள் மூன்று. ஃபயான்ஸ் என்பது உண்மையில் களிமண்ணா? பொருளை உடைக்காமல், அல்லது மிகச் சிறிதளவே எடுத்து, அது செய்யப்பட்ட முறையை எவ்வாறு அறிகிறார்கள்? மூன்றாவது ஐயம்தான் என்னை மிகவும் உறுத்துகிறது: ஒரு நீலக் கண்ணாடித் துண்டைப் பார்த்து “இது எகிப்தில் உருவானது, இது மெசொப்பொத்தேமியாவில் (இன்றைய ஈராக் பகுதியில்) உருவானது” என்று சொல்வதற்கு என்ன ஆதாரம்? நான் வேதியியல் படித்தவன் அல்லன். ஆனால் பொறுமையாக விளக்கினால் புரிந்துகொள்வேன்.

மறுமொழி 1: சூளையடி

ஐயா, முதல் ஐயத்திற்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். நான் மட்பாண்டக் கலை பயிற்றுவிப்பவன், ஃபயான்ஸைப் பலமுறை செய்து பார்த்துப் பலமுறை கெடுத்தவன். உங்கள் வழிகாட்டி சொன்னது தவறு. எகிப்திய ஃபயான்ஸின் உடலில் களிமண் ஏறக்குறைய இல்லை. தூளாக்கிய வெண்கல்லோ மணலோதான், அதாவது குவார்ட்ஸ்தான், அதன் உடல். நூற்றுக்கு 92 முதல் 99 பங்கு வரை அது சிலிக்காவாகவே இருக்கும். எஞ்சியது சிறிது சுண்ணாம்பும், சாம்பலிலிருந்தோ நேட்ரான் என்னும் இயற்கைச் சோடா உப்பிலிருந்தோ வந்த காரமும், நிறத்துக்கான செம்பும்.

பெயரே இந்தக் குழப்பத்திற்குப் பாதிக் காரணம். இத்தாலியில் ஃபயென்சா என்னும் ஊரின் மெருகிட்ட மட்பாண்டங்களைப் பார்த்துப் பழகிய ஐரோப்பியர்கள், எகிப்தியப் பொருள்களின் பளபளப்பைக் கண்டு அதே பெயரை இவற்றுக்கும் சூட்டிவிட்டனர். எகிப்தியர்கள் இதை ‘ட்ஜெஹெனெத்’ என்று அழைத்தனர். ஒளிர்வது, மின்னுவது என்று பொருள். அவர்களுக்கு இது மண்ணின் உறவாக அன்று, லாபிஸ் லசூலி போன்ற நீலக்கல்லின் உறவாகவே தோன்றியிருக்கிறது. சக்காராவில் ஜோசர் மன்னனின் படிக்கட்டுப் பிரமிடுக்கு அடியில் உள்ள அறைகளைச் சுமார் 36,000 நீல ஓடுகளால் பதித்திருந்தார்கள் என்றால், கண்ணாடிப் பாத்திரம் என்ற ஒன்றே உலகில் இல்லாத காலத்தில், கி.மு. 27ஆம் நூற்றாண்டு அளவில், இந்தத் தொழில் எவ்வளவு பெரிதாக நடந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

மெருகு ஏறும் விதங்கள் மூன்று. முதலாவது எனக்கு மிகவும் பிடித்தது. நம் பழைய வீட்டுச் சுவர்களில் உப்புப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் வெளியே வரும்போது கரைந்த உப்பையும் இழுத்துக்கொண்டு வந்து, தான் ஆவியாகி, உப்பை மட்டும் மேற்பரப்பில் விட்டுச் செல்கிறது. அதுவே இங்கும் நடக்கிறது. கல்தூள், சோடா, செம்புக் கூட்டு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து உருவம் செய்து உலரவிட்டால், சோடாவும் செம்பும் மேலே வந்து வெண்படலமாகப் பூக்கும். சூளையில் 900 பாகை செல்சியஸ் அளவில் அந்தப் படலம் மேற்பரப்புக் கல்தூளோடு உருகிக் கண்ணாடியாகிவிடும். பொருள் தனக்குத்தானே மெருகிட்டுக்கொள்கிறது. உலரும் வேளையில் விரல் பட்ட இடத்தில் படலம் உதிர்ந்துவிடும். சுட்டபின் அங்கே மெருகற்ற வெளிறிய தழும்பு நிற்கும். பழம்பொருள்களிலும், பிடித்த இடமோ கீழே வைத்த இடமோ இவ்வாறு வெளிறி நிற்பதைக் காணலாம்.

இரண்டாவது முறையில், உலர்ந்த உருவத்தைச் சுண்ணாம்பும் சாம்பலும் செம்புக் கூட்டும் கலந்த பொடிக்குள் புதைத்துச் சுடுகிறார்கள். பொடியிலிருந்து காரமும் செம்பும் உருவத்தின் மேற்பரப்புக்குச் சென்று மெருகாகின்றன; சுண்ணாம்பு மிகுந்த எஞ்சிய பொடி உருகாமல், ஆறியபின் உதிர்ந்துவிடுகிறது. இது வெறும் ஊகமன்று. ஈரானின் கோம் நகரில், கழுதைகளுக்குத் திருஷ்டி கழிக்கக் கட்டும் நீல மணிகளை இம்முறையில் செய்துகொண்டிருந்ததை 1960களில் ஆய்வாளர்கள் நேரில் கண்டு பதிவு செய்தார்கள். மூன்றாவது முறை சாதாரணமானது: மெருகுக் குழம்பைக் கரைத்துப் பூசுவது, அல்லது அதில் தோய்த்தெடுப்பது.

இந்தப் பிசைமாவைக் களிமண் என்று நினைத்துத் தொட்டவர்கள் ஏமாந்துபோவார்கள். கையில் எடுக்கும்போது கெட்டியாக இருக்கும். அழுத்தினால் குழைந்து ஓடும். அவசரப்பட்டு வளைத்தால் வெடிக்கும். அதனால்தான் பெரிய பாண்டங்கள் அரிதாகவும், மணியும் தாயத்தும் அச்சில் எடுத்த மோதிரமும் கணக்கின்றியும் கிடைக்கின்றன. வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர் முகமூடி இல்லாமல் கல்தூளைத் தொட வேண்டாம். அது நுரையீரலில் படிந்தால் மீண்டும் வெளியே வராது.

மறுமொழி 2: ஐயவினாவி

சூளையடி அவர்களின் விளக்கம் தெளிவாக உள்ளது. ஆனால் ஒரு சிறு மறுப்பு. மூன்று முறைகளையும் புத்தகத்தில் பிரித்துச் சொல்வது எளிது. 3,500 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்து மெருகு தேய்ந்த ஒரு மணியை எடுத்து, “இது உப்புப் பூத்தது, இது பொடியில் புதைத்தது” என்று சொல்ல முடியுமா? சில நூல்களில் இதைப் பார்வையாலேயே தீர்மானித்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி 3: ஆய்வக மேசை

ஐயவினாவியின் ஐயம் நியாயமானது. கேள்வி கேட்டவரின் இரண்டாம் வினாவுக்கும் அதுவே வாசல். பழம்பொருள் பாதுகாப்பு ஆய்வகத்தில் பணிபுரிந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதல் வேலை எப்போதும் கண்ணுக்கும் எளிய உருப்பெருக்கிக்கும்தான். மெருகு வழிந்து துளியாக நின்றிருந்தால் பூசியது என்று ஓரளவு துணியலாம். சூளையில் பொருளைத் தாங்கி நிறுத்தும் தாங்குகோலின் தழும்பு ஓரிடத்தில் மட்டும் இருந்தால் பொடியில் புதைத்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் இவை குறிப்புகளே, தீர்ப்புகள் அல்ல.

அடுத்து, ஏற்கெனவே உடைந்த விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள சில்லை எடுத்து, பிசினில் பதித்து, குறுக்குவெட்டு தெரியும்படி மெருகேற்றி, மின்னணு நுண்ணோக்கியில் வைக்கிறோம். பின்சிதறும் மின்னணுக்களைக் கொண்டு எடுக்கும் படத்தில் கனமான தனிமங்கள் உள்ள பகுதி வெளிச்சமாகவும், இலேசான பகுதி மங்கலாகவும் தெரியும். குவார்ட்ஸ் மணிகள் மங்கிய சாம்பல் நிறத்தில் நிற்க, செம்பும் சுண்ணாம்பும் கலந்த கண்ணாடி அவற்றுக்கிடையே வெளுத்துத் தெரியும். காற்றுத் துளைகள் கறுப்பாக இருக்கும். மேலே மெருகுப் படலம், அதற்கடியில் மெருகும் மணிகளும் கலந்த இடைப்பகுதி, அதற்கடியில் உடல் என மூன்று அடுக்குகளை அளக்கலாம்.

இங்கேதான் 1983இல் மைக்கேல் டைட், இயன் ஃப்ரீஸ்டோன், மேவிஸ் பிம்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு திருப்பமாக அமைந்தது. மூன்று முறைகளிலும் தாங்களே மாதிரிகள் செய்து, அவற்றின் குறுக்குவெட்டைப் பழம்பொருள்களின் குறுக்குவெட்டோடு ஒப்பிட்டார்கள். உப்புப் பூத்த பொருளில் சோடாவின் ஒரு பகுதி உடலுக்குள்ளேயே தங்கிவிடுவதால், உள்ளேயும் மணிகளுக்கு இடையே கண்ணாடி நிறைய இருக்கும். பொடியில் புதைத்ததில் உள்ளே மிகக் குறைவு. மெருகு எல்லாப் பக்கமும் சீராக இருக்கும். பூசியதில் மெருகுக்கும் உடலுக்கும் இடையிலான எல்லை கூர்மையாக இருக்கும். ஆனால் சோடா குறைந்த கலவையில் உப்புப் பூத்த பொருளும், பொடியில் புதைத்த பொருளும் ஒன்றையொன்று ஒத்திருக்கக்கூடும். உடலைச் சற்று வேறு கலவையில் பிசைந்து மேலே பூசியிருந்தால் இன்னும் குழப்பம். எனவே நேர்மையான ஆய்வறிக்கைகளில் “எந்த முறை என்று பிரிக்க இயலவில்லை” என்ற வரி அடிக்கடி வரும். பார்வையால் மட்டும் தீர்மானித்த பழைய பட்டியல்களை ஐயவினாவி சந்தேகிப்பதில் எனக்கு முழு உடன்பாடு.

ஃபயான்ஸா கண்ணாடியா என்பதைப் பிரிப்பது இதைவிட எளிது. எக்ஸ் கதிர்ச் சிதறலில் குவார்ட்ஸ் போன்ற படிகங்கள் கூர்மையான முகடுகளைத் தரும். கண்ணாடி அகன்ற மேடு ஒன்றை மட்டும் தரும். ஃபயான்ஸில் குவார்ட்ஸ் பெரும்பாலும் உருகாமல் எஞ்சியிருக்கிறது. கண்ணாடியில் அது முழுவதும் கரைந்துவிட்டது. கலவையில் உள்ள பொருள்கள் ஏறக்குறைய ஒன்றே. காரம் எவ்வளவு சேர்ந்தது, உலை எவ்வளவு வெப்பத்தில் எத்தனை நேரம் நின்றது என்பதில்தான் வேறுபாடு. மூன்றாவதாக ‘எகிப்திய நீலம்’ என்னும் ஒரு பொருளும் உண்டு. அது கால்சியம், செம்பு, சிலிக்கா சேர்ந்த படிகம், வண்ணப்பொடியாகவும் சிறு சிலைகளாகவும் பயன்பட்டது. அதைத் தொடாமலேயே அடையாளம் காணலாம்: சாதாரண ஒளியைப் பாய்ச்சினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் 910 நானோமீட்டர் அருகே அது ஒளிரும். சிறிது மாற்றியமைத்த ஒளிப்படக் கருவியில் அது நிலவு போல வெளுத்துத் தெரிவதை முதன்முறை பார்த்தபோது நான் இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன்.

கையில் எடுத்துச் செல்லும் எக்ஸ் கதிர்க் கருவிகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அருங்காட்சியகங்கள் இன்று அவற்றைப் பெரிதும் விரும்புகின்றன, ஏனெனில் சில்லு எடுக்க வேண்டியதில்லை. செம்பு, வெள்ளீயம், கோபால்ட், அஞ்சனக்கல்லின் உலோகமான ஆன்டிமனி ஆகியவற்றை அவை நன்றாகக் காட்டும். ஆனால் பழங்கண்ணாடியின் உயிர்நாடியான சோடியத்தைக் காட்டமாட்டா. அதன் மெல்லிய கதிர் காற்றிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். மேலும், மண்ணுக்குள் கிடந்த கண்ணாடியின் மேல்தோலிலிருந்து காரம் கரைந்து போயிருக்கும். மேல்தோலை மட்டும் அளந்துவிட்டு உட்கலவையைப் பேசுவது, துருவைச் சுரண்டி எஃகைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது போன்றது. ஆகவே, இயன்ற இடங்களில் லேசர் கதிரால் சுமார் 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) அளவில், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு குழியைத் துளைத்து, வெளிவரும் ஆவியை, அணுக்களை நிறைப்படி பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானியில் செலுத்துகிறார்கள். கோடியில் சில பங்கு அளவில் உள்ள தனிமங்களையும் அது கணக்கிட்டுவிடும். அளவுகளைச் சரிபார்க்க, கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் இராபர்ட் பிரில் பழங்காலக் கலவைகளைப் போலச் செய்வித்த அளவுகோல் கண்ணாடிகள் உலகெங்கும் பயன்படுகின்றன.

நீலவண்டு

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்றாம் ஐயம் இன்னும் நிற்கிறது. மணலும் சாம்பலும் எங்கும் உள்ளவைதானே? அவற்றிலிருந்து ஊரை எவ்வாறு கண்டுபிடிக்கிறார்கள்?

மறுமொழி 4: மூசை

எங்கும் உள்ளவைதான், ஆனால் எங்கும் ஒன்றுபோல் உள்ளவை அல்ல. அம்மணலோடு ஒட்டிவந்த அழுக்குதான் நமக்குச் சாட்சி.

முதலில் கலவையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தூய குவார்ட்ஸ் 1,700 பாகைக்கு மேல்தான் உருகும். அந்நாளைய உலைகள் அதன் அருகில்கூடப் போகமாட்டா. சோடா சேர்ந்தால் 1,000 பாகை அளவிலேயே இளகிவிடும். ஆனால் சோடா மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரையும். அதைத் தாங்க வைப்பது சுண்ணாம்பு. நம் கடற்கரைக் கழிகளில் வளரும் உமரியைப் போன்ற உப்புச் செடிகளை எரித்த சாம்பலில் சோடாவும் சுண்ணாம்பும் மக்னீசியாவும் சேர்ந்தே இருப்பதால், சுண்ணாம்பின் பங்கை அறியாமலேயே அக்காலத்துக் கண்ணாடிக் கொல்லர்கள் சரியான கலவையை எட்டினார்கள். பிற்காலத்தில், கி.மு. முதலாம் ஆயிரமாண்டிலிருந்து, எகிப்தின் வாதி நத்ரூன் போன்ற ஏரிகளின் நேட்ரான் பரவலாகப் பயன்பட்டது. அதில் மக்னீசியாவும் பொட்டாசும் மிகக் குறைவு. இரண்டும் நூற்றுக்கு 1.5க்குக் கீழ் இருந்தால் நேட்ரான், மேலே இருந்தால் சாம்பல் என்பது ஆய்வாளர்களின் முதற்கட்ட அளவுகோல்.

இனி ஊர். 2007இல் ஆண்ட்ரூ ஷார்ட்லண்டும் உடன் பணியாற்றியவர்களும், ஏறத்தாழ ஒரே காலத்தைச் சேர்ந்த எகிப்தியக் கண்ணாடிகளையும் மெசொப்பொத்தேமியக் கண்ணாடிகளையும் லேசர் முறையில் ஒப்பிட்டபோது, குரோமியம், லாந்தனம், சிர்க்கோனியம், டைட்டேனியம் ஆகியவை இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டின. லாந்தனத்தோடு ஒப்பிட மெசொப்பொத்தேமியக் கண்ணாடியில் குரோமியம் கூடுதல். எகிப்தியக் கண்ணாடியில் சிர்க்கோனியமும் டைட்டேனியமும் கூடுதல். இவை யாரும் விரும்பிச் சேர்த்தவை அல்ல, மூலப்பொருளோடு வந்தவை. எனவே கொல்லனால் மறைக்கவும் முடியாது.

கருநீலத்தில் இன்னொரு சாட்சியும் உண்டு. எகிப்தியர் தம் கோபால்டை மேற்குப் பாலைவனத்தின் கார்கா, தாக்லா பாலைவனச் சோலைகளில் கிடைத்த படிகாரத்திலிருந்து எடுத்தனர். அதனால் கோபால்டோடு துத்தநாகமும் நிக்கலும் மாங்கனீசும் வந்து சேர்கின்றன, அலுமினாவும் கூடுகிறது. செம்பால் நிறமூட்டிய பசுநீலத்தில் சில வேளை வெள்ளீயம் தென்படும். அங்கே செம்பாக அன்றி, செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தின் செதிள்களையே போட்டிருக்கிறார்கள்.

இந்தச் சாட்சிகள் எதற்குப் பயன்பட்டன என்றால், துருக்கியின் காஷ் நகருக்கு அருகே உளுபுருன் முனையில் மூழ்கிக் கிடந்த கப்பலுக்கு வர வேண்டும். 1982இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர் கண்டு சொன்ன அந்தக் கப்பல், கி.மு. 14ஆம் நூற்றாண்டின் கடைப்பகுதியைச் சேர்ந்தது. 1984 முதல் 1994 வரை நடந்த அகழாய்வில் செம்புக் கட்டிகளோடு, சுமார் 175 கண்ணாடிக் கட்டிகளும் மேலே வந்தன. கருநீலமும் பசுநீலமுமாக, சிறு தோசைக்கல் அளவுள்ள வட்டக் கட்டிகள். இவை பாத்திரங்கள் அல்ல, உருக்கி வார்க்க வேண்டிய மூலக் கண்ணாடி. ஆய்ந்த கட்டிகளின் கலவை எகிப்தோடு ஒத்துவருகிறது. அவற்றின் வடிவமும் எகிப்தின் அமர்னாவில் கிடைத்த உருளைவடிவ மூசைகளின் (கண்ணாடி உருக்கும் மண்கலங்களின்) உள்ளளவோடு பொருந்துகிறது. கலவையும் பாத்திர அளவும் ஒன்றையொன்று அறியாத இரண்டு சாட்சிகள். அவை ஒன்றையே சொல்வதால்தான் எனக்கு இந்த முடிவில் நம்பிக்கை.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. அதே அமர்னாவில் கிடைத்த களிமண் கடிதங்களில், எகிப்திய மன்னன் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையான லெவன்ட் பகுதியின் நகரங்களிடம் கண்ணாடி கேட்கிறான்; அஸ்கெலோனின் ஆட்சியாளன் 30 கண்ணாடிக் கட்டிகளை அனுப்புவதாக எழுதுகிறான். தானே செய்யத் தெரிந்தவன் ஏன் பிறரிடம் கேட்க வேண்டும்? இதை வைத்து, எகிப்தியர் கண்ணாடியை உருக்கி வார்க்க மட்டுமே அறிந்தவர், மூலக் கண்ணாடியை மணலிலிருந்து ஆக்க அறியாதவர் என்று நெடுங்காலம் வாதிட்டார்கள். 2005இல் திலோ ரேரனும் எட்கர் புஷும் வெளியிட்ட ஆய்வு அந்த வாதத்தைப் பெரிதும் தளர்த்தியது. நைல் வடிநிலத்தில் உள்ள காந்தீரில், அதாவது பழைய பி-ரமேசஸ் நகரத்தில், கிடைத்த கி.மு. 13ஆம் நூற்றாண்டு அளவிலான மூசைகளில், பாதி உருகிய மூலக் கண்ணாடியே ஒட்டிக்கொண்டிருந்தது. கல்தூளையும் சாம்பலையும் முதலில் முட்டை வடிவச் சாடிகளில் 900 முதல் 950 பாகையில் பாதியளவு உருக்கி, ஆறியதும் பொடித்துக் கழுவி உப்பை நீக்கி, பிறகு நிறம் சேர்த்து உருளைவடிவ மூசைகளில் கூடுதல் வெப்பத்தில் கட்டியாக வார்த்திருக்கிறார்கள். மூசையின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள், கட்டி ஒட்டாமல் வெளிவருவதற்காக. எகிப்தியர் செய்யவும் செய்தார்கள், வாங்கவும் செய்தார்கள் என்பதே என் துணிபு. அரசனுக்குக் கண்ணாடி நீலக்கல்லுக்கு நிகரான காணிக்கைப் பொருள், தன்னிடம் இருக்கிறது என்பதற்காகக் காணிக்கையை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஆய்வு சொல்வது மூலக் கண்ணாடி பிறந்த ஊரை. எகிப்தியக் கட்டியை வாங்கிக் கிரேக்கத்தில் ஒரு தட்டான் உருக்கி மணியாக வார்த்தால், அம்மணியின் கலவை எகிப்தென்றே சொல்லும். மணி செய்த ஊரை அச்சும் வடிவமும் பட்டறைக் கழிவும்தான் சொல்ல வேண்டும்.

மறுமொழி 5: கழிமுகம்

மூசை அவர்கள் கடைசியில் சொன்னது நம் ஊர் மணிகளுக்கும் பொருந்தும் என்பதால் ஒரு சிறு சேர்க்கை. அரிக்கமேட்டில் கிடைக்கும் சிறு கண்ணாடி மணிகளைப் போன்றவை தென்கிழக்கு ஆசியாவிலும், எகிப்தின் செங்கடல் துறையான பெரெனிகேயிலும் கிடைத்துள்ளன. உருகிய கண்ணாடியைக் குழாயாக நீட்டி, துண்டு துண்டாக வெட்டிச் செய்த மணிகள் அவை. உருப்பெருக்கியில் பார்த்தால் காற்றுக் குமிழிகள் துளைக்கு இணையாக நீண்டு கிடக்கும். கம்பியில் சுற்றிச் செய்த மணியில் குமிழிகள் துளையைச் சுற்றி வளையும். வடிவத்தை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் அரிக்கமேட்டு மணி என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. பழங்கண்ணாடி ஆய்வாளர் லோர் டுபுசியூ அவர்களின் லேசர் ஆய்வுகள் அதைத் திருத்தின. தென்னாசியாவின் பல மணிகள் சாம்பலாலோ நேட்ரானாலோ ஆனவை அல்ல; அலுமினா மிகுந்த மணலும், உவர்மண்ணிலிருந்து வரும் சோடாவும் சேர்ந்தவை. அவற்றுள்ளும் யுரேனியம் குறைந்து பேரியம் மிகுந்த ஒரு வகை தென்னிந்தியாவையும் இலங்கையையும் சுட்டுகிறது. இலங்கையின் கிரிபாவாவில் மூலக் கண்ணாடியே ஆக்கிய பட்டறையின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. ஆகவே அரிக்கமேட்டில் கிடைத்த மணி அரிக்கமேட்டில் நீட்டப்பட்டதாக இருக்கலாம். அதன் கண்ணாடி அங்கேதான் பிறந்தது என்று கலவையைப் பார்க்காமல் எழுதிவிடக் கூடாது.

நீலவண்டு

இப்போது தெளிவாகிவிட்டது. பயணத்தில் எடுத்த படங்களை மீண்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு ஏவலர் பொம்மையின் முதுகில், காசளவுக்கு மெருகற்ற வெளிறிய இடம் ஒன்று இருக்கிறது. சூளையடி அவர்களே, இது நீங்கள் சொன்ன விரல் பட்ட இடமாக இருக்குமா?

சூளையடி

படத்தைப் பார்த்தேன், ஐயா. விரல் பட்ட இடம் இவ்வளவு வட்டமாக இராது. உலரும்போது முதுகைக் கீழே வைத்துப் படுக்கவைத்த இடமாக இருக்கலாம். தரையோடு ஒட்டிய பக்கத்தில் ஈரம் வெளியேற வழியில்லை, அங்கே உப்பும் பூக்காது. ஆனால் பூசிய மெருகு சூளையில் எதனுடனாவது ஒட்டிப் பெயர்ந்திருந்தாலும் இதே தழும்புதான் விழும். விளிம்பைப் பாருங்கள்: மெருகு மெல்ல மெலிந்து மறைந்தால் என் முதல் ஊகம், சில்லாக உடைந்து நின்றால் இரண்டாவது. உங்கள் படத்தில் விளிம்பு மங்கலாக இருக்கிறது.